நடுவுல என்ன நம்பர்?

டிஸ்கி: இந்தப் பதிவுல கணக்கு வரும். அஞ்சாங்கிளாஸ் கணக்குதான், அதனால ஓடிடாதீங்க.

ரெண்டு நம்பர் கொடுத்து நடுவுல என்னன்னு கேட்டா என்ன செய்வீங்க? கூட்டி ரெண்டால வகுப்பீங்க. 2, 8 கொடுத்தா 5. எங்க ஊர் வாத்தியார் பலகையில ஒரு கோடு போட்டு, ரெண்டு முனையிலயும் நம்பரை எழுதி, நடுவுல சாக்பீஸால ஒரு குத்து குத்துவார். பாடம் அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரும் அந்தக் குத்தைப் பத்தி யோசிக்கிறதில்லை. எங்களை மாதிரி பொட்டி தட்டுறவங்க மட்டும் யோசிச்சே ஆகணும். ஏன்னா கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை நாள் பூரா போட்டுக்கிட்டே இருக்கு.

எங்கே போடுதுன்னு சொல்லிடறேன். வரிசைப்படுத்தின ஒரு பட்டியல்ல ஒரு பேரைத் தேடணும்னு வைங்க. பழைய டெலிபோன் டைரக்டரி ஞாபகம் இருக்கா? முதல் பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா யாரும் புரட்ட மாட்டோம். குத்துமதிப்பா நடுவுல பிரிப்போம். தேடுற பேர் அதுக்குப் பின்னாடி வரும்னா முன்பாதியை மறந்துடலாம். மிச்சத்துல மறுபடியும் நடு. இதுக்கு பைனரி சர்ச்னு பேர். ஒவ்வொரு தடவையும் பட்டியல் பாதியாகுறதால, 121 கோடி பேர் இருக்கற பட்டியல்லகூட அதிகபட்சம் 31 தடவை பார்த்தா ஆள் கிடைச்சுடுவார். கம்ப்யூட்டர் செய்யற அழகான காரியங்கள்ல இது ஒண்ணுன்னு நான் நினைக்கிறேன். இதோட மொத்த உயிரும் அந்த 'நடு'விலதான் இருக்கு.

இந்த நடு விஷயத்துல ஒரு பொண்ணோட வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2018. புனேயில மழைக்காலம். வாகட் பாலத்துல ஒரு மணி நேரம் நின்னு நனைஞ்சு, ஹிஞ்சவடி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தா, இண்டர்வியூ பேனல்ல உட்காருன்னு டேமேஜர் உத்தரவு. கூட உட்கார்ந்தவர் மராத்திக்காரர், என்னைவிட எட்டு வருஷம் சீனியர். பேர் வேண்டாம், சாகேப்னு வைச்சுக்குவோம். நல்ல மனுஷன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்ல இருந்து கொண்டு வர்ற பாக்ரியில எனக்கும் ஒண்ணு வைச்சிருப்பார். இண்டர்வியூவில மட்டும் ஆள் வேற.

நாலாவதா வந்த பொண்ணு கோவில்பட்டிப் பக்கம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்திருந்தா. ரெஸ்யூமேல ஊர்ப் பேரைப் பார்த்ததும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். ஆனா பேனல்ல உட்கார்ந்துக்கிட்டு தமிழ்ல ஆரம்பிச்சா தப்பாயிடும். கம்முனு இருந்தேன். சாகேப் பைனரி சர்ச் எழுதச் சொன்னார். அவ மார்க்கரை எடுத்து, பத்து வரியில சுத்தமா எழுதினா. எங்கே நிக்கணும், எங்கே ஒண்ணு கூட்டணும், எங்கே கழிக்கணும், எல்லாம் சரி. நடுவைக் கண்டுபிடிக்க (தொடக்கம் + முடிவு) / 2.

"இதுல ஒரு பக் இருக்கு, என்ன?" என்றார் சாகேப், சிரிச்சுக்கிட்டே.

அவ முதல் வரியில இருந்து விரல் வைச்சுப் பார்த்தா. காலிப் பட்டியல், ஒரே ஒரு ஆள் இருக்கற பட்டியல், ரெண்டு ஆள் இருக்கற பட்டியல், மூணையும் ஓட்டிப் பார்த்தா. "இல்லை சார்" என்றா. சாகேப் ஃபார்ம்ல எதையோ எழுதினார். எழுதின விதமே சரியில்லை.

பக் என்னன்னு இங்கேயே சொல்லிடறேன். உங்க வண்டி மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 ஆகுது இல்லையா, கம்ப்யூட்டர்லயும் எண்ணுக்கு இடம் அளவுதான். ஜாவாவில 'இன்ட்'னு சொல்ற சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட். அதுல கொள்ளுற பெரிய எண் 2,14,74,83,647. அதோட ஒண்ணைக் கூட்டினா பூஜ்யம்கூட ஆகாது, மைனஸ் 2,14,74,83,648 ஆயிடும். ஏன்னா இடது ஓரத்து பிட்டை மைனஸ் குறிக்குன்னு ஒதுக்கி வைச்சிருக்காங்க. இப்போ தொடக்கம் 150 கோடி, முடிவு 200 கோடின்னு வைங்க. நடு 175 கோடி, அது பேஷா கொள்ளும். ஆனா அங்கே போறதுக்கு வழியில கூட்டுறோமே, அந்த 350 கோடி கொள்ளாது. விடை சின்னதுதான், போற வழிதான் பெருசு. நடுவுக்குப் பதிலா ஒரு மைனஸ் எண் வந்து நிக்கும். பட்டியல்ல மைனஸாவது இடம்னு ஒண்ணு கிடையாது, ப்ரோக்ராம் படுத்துடும்.

நான் அவகிட்ட இதே கேள்வியைத்தான் கேட்டேன். "150 கோடிக்கும் 200 கோடிக்கும் நடு என்ன?" "175 கோடி சார்." "உன் ப்ரோக்ராம் என்ன சொல்லும்?"

அஞ்சு விநாடி இருக்கும். கண்ணு போர்டுலயே இருந்தது. அப்புறம் "அய்யோ"ன்னு தமிழ்ல வந்துடுச்சு அவளுக்கு. "கூட்டினா இன்ட்ல கொள்ளாது சார், மைனஸ் வந்துரும்." சொல்லிட்டு, யாரும் கேக்காமலே அந்த வரியை அழிச்சுட்டு வேற எழுதினா: தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) / 2. எப்படி வந்ததுன்னு கேட்டேன். இங்கிலீஷ்ல தடுமாறினா. தமிழ்லயே சொல்லும்மான்னேன், சாகேப்புக்கு நான் மொழிபெயர்க்கறேன்னு.

"சார் நீங்க தமிழா?" முகமே மாறிடுச்சு. "கோவில்பட்டியில நின்னுக்கிட்டு மதுரைக்கு எவ்வளவு தூரம்னு பாக்கேன் சார். நூறு கிலோமீட்டர்னா அதுல பாதி அம்பது போனா விருதுநகர் வந்துரும். ரெண்டு ஊர் மைல்கல்லையும் எதுக்கு சார் கூட்டணும்?"

இந்த விஷயத்தை இதைவிட நல்லா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டல் நம்மை ரெண்டு ஊரையும் தாண்டி எங்கேயோ கொண்டு போய் விட்டுட்டு, அப்புறம் பாதி தூரம் திரும்பக் கூட்டிட்டு வருது. அவ வழியில ரெண்டு ஊருக்கு நடுவுலயே இருக்கலாம், எல்லை தாண்டவே வேண்டாம்.

அவ வெளியே போனதும் மார்க். அஞ்சுக்கு நான் 4 போட்டேன். சாகேப் 2. ஹெச்.ஆர். எக்செல் ஷீட் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 3-ன்னு காட்டுச்சு. (அங்கே ஓவர்ஃப்ளோ ஆகாது.) தேற 3.5 வேணும்.

இந்த 3 எனக்குப் பிடிக்கவே இல்லை. ரெண்டு பேரும் 3 போட்டாலும் 3, ஒருத்தர் 4 இன்னொருத்தர் 2 போட்டாலும் 3. முதல்ல உள்ளதுக்கு 'சுமார்'னு அர்த்தம். ரெண்டாவதுல 'சுமார்'னு யாருமே சொல்லலை. ஒருத்தர் எடுக்கலாம்னார், ஒருத்தர் வேண்டாம்னார். அந்த ரூம்ல இல்லாத மூணாவது ஆளோட அபிப்பிராயத்தை எக்செல் கண்டுபிடிச்சு எழுதிடுச்சு. நல்லவேளையா எங்க கம்பெனியில ஒரு விதி இருந்தது. மார்க் ரெண்டு வித்தியாசம் வந்தா பேனல் உட்கார்ந்து பேசணும். பேசினோம். பேச்சுன்னா சண்டை.

சாகேப் கட்சி: பக் இருக்குன்னு சொல்லியும் அவளால கண்டுபிடிக்க முடியலை, நீதான் எடுத்துக் கொடுத்தே. என் கட்சியைச் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

பைனரி சர்ச் புத்தகத்துல, கட்டுரையில வந்தது 1946-ல. எந்த அளவு பட்டியலுக்கும் சரியா ஓடுற வடிவம் அச்சுல வந்தது 1960-ல. நடுவுல பதினாலு வருஷம். இதைக் குறிச்சு வைச்சவர் டொனால்ட் க்னூத். ஜான் பென்ட்லின்னு ஒருத்தர், 'ப்ரோக்ராமிங் பேர்ல்ஸ்'னு 1986-ல ஒரு புத்தகம் போட்டார். அப்பா பல்வந்த் சௌக் பழைய புத்தகக் கடைகள்ல தேடினா இப்பவும் கிடைக்கும், நான் வாங்கினது அங்கேதான். தொழில்முறை ப்ரோக்ராமர்களுக்கு வகுப்பெடுக்கும்போது ரெண்டு மணி நேரம் கொடுத்து இதை எழுதச் சொல்வாராம். நூத்துக்குத் தொண்ணூறு பேர் எழுதினதுல தப்பு இருக்கும்னு அதுல எழுதியிருக்கார். அப்புறம் அவரே ஒரு வடிவத்தை எழுதி, இது சரின்னு வரிவரியா நிரூபிச்சும் காட்டியிருக்கார்.

அவர்கிட்ட கார்னகி மெலன்ல படிச்ச மாணவர் ஜோஷுவா ப்ளாக். பின்னாடி ஜாவாவோட நூலகத்துல பைனரி சர்ச் எழுதினவர். உலகம் பூரா ஜாவாக்காரங்க கூப்பிட்டது இவர் எழுதினதைத்தான். 2006 ஜூன்ல அவரே எழுதினார்: என் ப்ரோக்ராம்ல பக் இருக்கு, ஒன்பது வருஷம் போல ஒளிஞ்சு கிடந்தது, யாரோ ஒருத்தரோட ப்ரோக்ராம் படுத்ததால இப்போ தெரிஞ்சது, என் குரு நிரூபிச்ச வடிவத்துலயும் இதே பக் இருக்கு. எந்த வரின்னு நினைக்கிறீங்க? கூட்டி ரெண்டால வகுக்கற அதே வரிதான்.

நிரூபணம் எப்படித் தப்பாச்சுன்னு கேப்பீங்க. நிரூபணம் தப்பில்லை. அது நம்ம வாத்தியாரோட எண்களுக்கு நிரூபணம், எவ்வளவு பெரிசா வேணும்னாலும் போகலாம். மெஷினோட எண்ணுக்கு முடிவு இருக்கு. அந்த முடிவு வரைக்கும் போறதுக்கு அன்னிக்கு ஆள் இல்லை. பட்டியல்ல 2-ன் அடுக்கு 30, அதாவது 1,07,37,41,824 பேர் கிட்ட இருந்தாத்தான் இந்தக் கூட்டல் வழியும். ஒரு இன்ட்டுக்கு 4 பைட்னு வைச்சா, பட்டியலுக்கு மட்டும் 4 ஜி.பி. 32 பிட் மெஷினோட மொத்த முகவரியும் அவ்வளவுதான். பென்ட்லி எழுதின காலத்துல மேஜை மேல இருந்த கம்ப்யூட்டர்களுக்கு மெமரி சில எம்.பி. இருந்தாலே பெரிய விஷயம். கேணியே இல்லாத ஊர்ல யார் கேணியில விழுவா?

சாகேப்கிட்ட நான் கேட்டது இதுதான். எழுதினவருக்கு ஒன்பது வருஷம் தெரியலை. அவ அஞ்சு விநாடியில பிடிச்சா. சாகேப் விடலை: "அதெல்லாம் 2006. இப்போ எல்லா இண்டர்வியூ புத்தகத்துலயும் இது இருக்கு."

இருக்குதான். அதுதானே பிரச்னை! இப்போ இந்த பக்கைச் சொல்றவங்கள்ல யோசிச்சுச் சொல்றவங்க எத்தனை பேர்? புத்தகம் வாங்கினவங்க, கோச்சிங் போனவங்க, சீனியர் அண்ணன் வாட்ஸப்ல அனுப்பின லிஸ்ட்டைப் படிச்சவங்க எல்லாரும் கேள்வி முடியறதுக்கு முன்னாடியே பதிலை ஒப்பிக்கறாங்க. அன்னிக்குக் காலையில வந்த ஒரு பையன் அப்படித்தான் எழுதினான், அந்தக் கழித்தல் வடிவத்தை. ஏன் இப்படி எழுதினேன்னு நான் கேட்டதுக்கு, "அதுதான் பெஸ்ட் ப்ராக்டிஸ் சார்". அவனுக்கு சாகேப் 4 போட்டிருந்தார். கடவுச்சொல் தெரிஞ்சவன் உள்ளே, தெரியாதவ வெளியே. கோவில்பட்டியில அந்தக் கடவுச்சொல்லை யாரும் விக்கறதில்லை.

இதை நான் இவ்வளவு நாகரிகமா சொல்லலை. கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். சாகேப் ரெண்டு நிமிஷம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்துட்டு "பரோபர் ஆஹே"ன்னார். 2-ஐ அடிச்சுட்டு 3 போட்டார். 4 போடலை. அந்த ஒரு மார்க் அவர் மானம், நானும் கேக்கலை. சராசரி 3.5. தேறிட்டா.

ஆனா சேரலை. சென்னையில வேற கம்பெனி கிடைச்சுது, அம்மாவைப் பாத்துக்க ஊர் பக்கம், மன்னிக்கணும்னு ஹெச்.ஆருக்கு மெயில். நல்ல முடிவு. புனே நல்ல ஊர்தான், பதினஞ்சு வருஷத்துக்கு மேல இங்கேயே கிடக்கேன், ஆனா தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துப் பாருங்க, அப்போ தெரியும்.

இதெல்லாம் முடிஞ்ச அப்புறமும் எனக்கு ஒரு நம்பர் மட்டும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. 107 கோடி. அதை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு. அப்புறம் பொறி தட்டுச்சு. 2001 சென்சஸ்ல இந்தியாவோட மக்கள்தொகை 102.87 கோடி. 2011-ல 121 கோடி. அதாவது ரெண்டு சென்சஸுக்கும் நடுவுல எப்பவோ, நேர்க்கோடு போட்டுப் பார்த்தா 2003 வாக்குல, நாம அந்த எல்லையைத் தாண்டியிருக்கோம். அமெரிக்காக்காரன் தன் நாட்டு ஆட்கள் எல்லாரையும் ஒரே பட்டியல்ல போட்டுத் தேடினாலும் இந்த பக்கைப் பார்த்திருக்க முடியாது. அவங்க ஜனத்தொகை 35 கோடியைத் தொடலை. நாடு முழுக்க வரிசைப்படுத்தினா இந்தக் கூட்டல் வழியற நாடு உலகத்துல ரெண்டே ரெண்டு, சீனாவும் நாமளும். இது வெறும் கற்பனைக் கணக்கும் இல்லை. நம்ம மகாராஷ்டிராவுலயே, நந்தூர்பார் மாவட்டம் டெம்ப்ளி கிராமத்துல 2010 செப்டம்பர்ல முதல் ஆதார் எண்ணைக் கொடுத்தாங்க. 2016-ல அது 100 கோடியைத் தாண்டிடுச்சு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆணி இல்லாத நேரத்துல, 121 கோடி எண்களை வரிசையா நிரப்பி பழைய வடிவத்தை ஓட்டிப் பார்த்தேன். முதல்ல இருக்கறவரைத் தேடினேன், கிடைச்சார். நடுவுல இருக்கறவரும் கிடைச்சார். கடைசி ஆளைத் தேடினேன். முதல் தடவை 60 கோடியே 50 லட்சத்துல போய் நின்னுது. அடுத்தது 90.75 கோடி. அடுத்தது 105.875 கோடி. இதுவரைக்கும் ஒழுங்கு. நாலாவது தடவை 105.875-ஐயும் 121-ஐயும் கூட்டணும், 226 கோடிக்கு மேல. வழிஞ்சிடுச்சு. நடு எங்கேன்னு கேட்டா மைனஸ் 1,01,31,08,648-ன்னு பதில் சொல்லிட்டு ப்ரோக்ராம் செத்துப்போச்சு.

யாருக்கெல்லாம் இப்படி ஆகும்னு கணக்குப் போட்டேன். சரியா கடைசி எட்டில் ஒரு பங்கு. 15 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் பேர். மிச்ச எட்டில் ஏழு பங்கு ஜனங்களுக்கு இப்படி ஒரு பக் இருக்கறதே தெரியாது, அவங்களைக் கேட்டா சிஸ்டம் நல்லாத்தானே வேலை செய்யுதும்பாங்க. எனக்கு இதுல தனிப்பட்ட கடுப்பு உண்டு. என் பேர் இங்கிலீஷ் 'வி'யில ஆரம்பிக்குது. அட்டெண்டன்ஸ்ல கடைசி, லேப்ல கடைசி, காலேஜ் கேம்பஸ் இண்டர்வியூவில காலை எட்டு மணிக்கு ஷூ போட்டுக்கிட்டுப் போய் ராத்திரி ஏழு மணிக்கு உள்ளே கூப்பிட்டாங்க. பட்டியலோட வால்ல இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல வழியும்னு எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஜாவாவில இதை எப்பவோ சரிபண்ணிட்டாங்க. ஒரு வழி அந்தப் பொண்ணு சொன்ன கழித்தல் வழி. இன்னொரு வழி, கூட்டி வழிஞ்ச எண்ணை அப்படியே வைச்சுக்கிட்டு, ஓரத்து பிட்டை மைனஸ் குறியாப் பார்க்காம அதையும் எண்ணாவே பாவிச்சு ஒரு பிட் வலப்பக்கம் தள்ளுறது. பாதியாயிடும். ரெண்டும் பட்டியலுக்கு ஒழுங்கா வேலை செய்யும், ஏன்னா பட்டியல்ல மைனஸ் இடம் கிடையாது. மைனஸ் எண்களும் வந்தா கதை தலைகீழ். மைனஸ் 150 கோடிக்கும் 100 கோடிக்கும் நடு கேளுங்க. கழித்தல் வழியில 250 கோடி தூரம் வருது, வழிஞ்சிடும். அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் வழியில கூட்டினா மைனஸ் 50 கோடி, பாதி மைனஸ் 25 கோடி, ஜம்முனு வந்துடுது! எந்த ரெண்டு எண் கொடுத்தாலும் வழியாம நடுவைச் சொல்றதுக்கு சி ப்ளஸ் ப்ளஸ்காரங்க ஒரு தனிச் செயற்கூறே போட்டாங்க, மிட்பாயின்ட்னு பேர், 2020 தரநிர்ணயத்துல வந்தது. அந்த மொழி பிறந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன அப்புறம்!

அதுலயும் ஒரு வேடிக்கை. 1-க்கும் 4-க்கும் நடு இரண்டரை. முழு எண்தான் வேணும்னா 2-ஆ 3-ஆ? முதல்ல சொன்ன எண் பக்கம் சாயணும்னு விதி வைச்சிருக்காங்க. 1, 4-ன்னு கேட்டா 2. 4, 1-ன்னு கேட்டா 3. போன வாரம் டீ குடிக்கும்போது இதை சாகேப்கிட்ட சொன்னேன். ஒரு வாய் டீயை முழுங்கிட்டு, "அடுத்த இண்டர்வியூவில கேக்கலாமே"ன்னு பேனாவை எடுத்தார் மனுஷன்.